மத்தியானத்தில வாற மேடு: சூரியப் புயலோ, வெயிலோ, சென்சர் பழுதோ?

கோண்டாவில் காந்தம் எழுதினது:

எல்லாருக்கும் வணக்கம், இஞ்ச முதல்தரம் எழுதுறன், பிழை இருந்தா பொறுத்துக்கொள்ளுங்கோ. 2024 வைகாசியில வந்த பெரிய சூரியப் புயல் நேரம் லடாக்கில ஹன்லேயில வானம் சிவந்து கிடந்த படத்தைப் பாத்ததில இருந்து எனக்கு உந்த விசர் பிடிச்சிட்டுது. யாழ்ப்பாணத்தில அரோரா (துருவ ஒளி) பாக்கேலாது எண்டு தெரியும், ஆனா அந்த நேரம் பூமியின்ர காந்தப் புலம் ஆடுறதை வீட்டில இருந்தே அளக்கலாம் எண்டு வாசிச்சிட்டு ஆர்.எம் 3100 எண்ட சென்சரை ஒன்லைனில எடுப்பிச்சு (வந்துசேர ஒண்டரை மாதம், இடையில தபால்காரர் ஒழிச்சுத் திரிஞ்சவர்) ஈ.எஸ்.பி 32 எண்ட சின்னக் கணினிப் பலகையோட சேத்து வீட்டுப் பின்பக்கச் சுவரில, தகரத் தாழ்வாரத்துக்குக் கீழ, பிளாஸ்ரிக் பெட்டியில போட்டு மாட்டியிருக்கிறன். நிமிசத்துக்கு ஒரு சராசரி எடுத்து வைஃபையால கொம்பியூட்டருக்கு வருது.

இப்ப பிரச்சினை என்னெண்டா, ஒவ்வொரு நாளும் விடிய 7 மணிக்குப் பிறகு வடக்குத் தெற்கு அச்சு மெல்ல மெல்ல ஏறி மத்தியானம் 1 மணிக்குக் கிட்ட உச்சத்துக்குப் போய், பின்னேரம் திரும்பி இறங்கிடுது. ஏற்றம் ஒரு 90 நானோ டெஸ்லா (காந்தப் புலத்தை அளக்கிற அலகு) வரும், சில நாள் 110. இரவில கோடு கீறின மாதிரி நேர. நான் முதல் நாள் சந்தோசத்தில துள்ளினன், புயல் பிடிச்சிட்டன் எண்டு. இன்ரநெற்றில கே.பி சுட்டெண்ணை (பூமியின்ர காந்தப் புலம் எவ்வளவு குழம்பியிருக்கு எண்டு காட்டிற எண்) பாத்தா 1, அடுத்த நாளும் 1, அதுக்கு அடுத்த நாள் 4 எண்டு காட்டினது, அண்டைக்கு என்ர மேடு வழமையை விடச் சின்னன்! தலைகீழா எல்லே இருக்கு.

அதோட விடிய 6.40 மாதிரி ஒரு கூரான வெட்டு, 2.10க்கு இன்னொண்டு, பின்னேரம் அஞ்சு அஞ்சரைக்குப் பிறகு ஒழுங்கில்லாமல் சின்னச் சின்ன ஆட்டம். இது எல்லாம் சூரியனில இருந்து வருதோ, சென்சர் பழுதோ, நான் விசரனோ? தெரிஞ்ச ஆக்கள் சொல்லுங்கோ.


சேர்க்கிட் சுன்னாகம் எழுதினது:

தம்பி, தகரத்துக்குக் கீழ எண்டு நீரே எழுதிப்போட்டு பேந்து ஏன் கேக்கிறீர். வெயில் ஏற ஏற பெட்டி சூடாகுது, சென்சரின்ர சுருள், றெசிஸ்ரர் எல்லாத்துக்கும் வெப்பத்தோட அளவு மாறும், அதோட அந்தத் தகரமும் ஆணியும் இரும்பு, சூட்டில அதுகளின்ர காந்தமும் கொஞ்சம் அசையும். மத்தியானம் உச்சம், இரவில நேர்கோடு, இது அச்சொட்டா வெப்பமானி. நீர் செலவழிச்சுச் செய்திருக்கிறது ஒரு விலை கூடின வெப்பமானி.

ஒரு வெப்பச் சென்சர், டி.எஸ் 18பி20 மலிவு, அதே பெட்டிக்குள்ள வைச்சு இரண்டு கோட்டையும் ஒண்டுக்கு மேல ஒண்டு போட்டுப் பாரும். பொருந்தினா விசயம் முடிஞ்சுது.


தின்னவேலி பிசிக்ஸ் எழுதினது:

சுன்னாகத்தார் சொல்லுறது பாதி சரி, ஆனா அதை மட்டும் நம்பி மேட்டை வெட்டி எறிஞ்சிடாதேங்கோ, ஏனெண்டா நீங்கள் இருக்கிற இடத்தில அந்த மேடு வராட்டித்தான் சென்சர் பழுது.

விசயம் இதுதான். காந்த நடுக்கோடு எண்டு ஒண்டு இருக்கு, திசைகாட்டி ஊசியைத் தொங்கவிட்டா மேலயும் கீழயும் சாயாமல் நேர கிடையாக நிக்கிற கோடு. அது பூமத்திய ரேகையில இல்ல, எங்கட பக்கம் அதுக்கு நல்லா வடக்கால, தென்னிந்தியாவின்ர நுனியையும் இலங்கையையும் தொட்டுக்கொண்டு போகுது. யாழ்ப்பாணத்தில சாய்வு ஒரு சில டிகிரிதான். அந்தக் கோட்டுக்கு நேர மேல, 105 கிலோமீற்றர் மாதிரி உயரத்தில, பகலில அயன மண்டலத்தில (காத்து அயனாகிக் கிடக்கிற மேல்தட்டு) மேற்கில இருந்து கிழக்கா ஒரு பெரிய மின்னோட்டம் ஓடுது. சூரிய வெளிச்சம் காத்தை அயனாக்கும், மேல வீசிற காத்து அதை இழுத்துக்கொண்டு போகும், காந்தப் புலம் கிடையாக இருக்கிற இடத்தில மட்டும் அந்தக் கடத்துதிறன் கிறுக்குத்தனமாக் கூடும், அதால கோட்டுக்கு இரண்டு பக்கமும் 3 டிகிரி அளவு ஒடுக்கமான பட்டிக்குள்ள ஓட்டம் குவிஞ்சு போகுது. இதுக்கு எலெக்ட்ரோஜெட் எண்டு 1951ல பேர் வைச்சவர் சிட்னி சப்மன். கிழக்கா ஓடுற ஓட்டத்துக்குக் கீழ நிண்டா வலக்கை விதிப்படி புலம் வடக்குப் பக்கமாக் கூடும், ஏ.எல்லில எல்லாரும் கையைச் சுழட்டிச் சுழட்டிப் படிச்சதுதானே. எங்கட கிடைக்கூறு (புலத்தின்ர கிடையான பங்கு) 40 ஆயிரம் நானோ டெஸ்லா சொச்சம், அதுக்கு மேல பகலில 50, 100 எண்டு ஏறிறது நாளாந்தச் சீவியம். புயலில்லை, பழுதில்லை.

வெப்பமோ ஓட்டமோ எண்டு பிரிச்சுப் பாக்கிறது சுகம். எலெக்ட்ரோஜெட் உச்சம் பதினொண்டு, பன்ரண்டு மணிக்கு. இஞ்ச சூரியன் உச்சிக்கு வாறது பன்ரண்டு பத்து மாதிரி. தகரத்தின்ர சூடு உச்சத்துக்குப் போறது இரண்டு, இரண்டரைக்கு. உங்கட மேடு 1 மணிக்கு நிக்குது எண்டா இரண்டும் கலந்து கிடக்கு எண்டு நான் சந்தேகப்படுறன்.

கே.பி விசயம். அது 0 தொடக்கம் 9 வரைக்கும் மூண்டு மணித்தியாலத்துக்கு ஒண்டு, ஜேர்மனியில பொட்ஸ்டாமில கணிக்கிறவை, ஆனா அதுக்குத் தரவு குடுக்கிற 13 நிலையமும் அரோரா வலயத்துக்குக் கொஞ்சம் கீழ்ப்பக்கம், எங்களுக்குக் கிட்ட ஒண்டும் இல்ல. நீங்கள் பாக்க வேண்டியது டி.எஸ்.ரி எண்ட சுட்டெண், ஜப்பானில கியோட்டோவில வெளியிடினம், ஹெர்மனஸ், காக்கியோகா, ஹொனலூலு, சான் வான் எண்ட நாலு நிலையம், நாலும் நடுக்கோட்டுக்கு அவ்வளவு கிட்டவும் இல்ல, அரோராவுக்குக் கிட்டவும் இல்ல. புயல் நேரம் பூமியைச் சுத்தி மேற்குப் பக்கமா ஒரு வளைய ஓட்டம் பெருக்கும், அதால உலகம் முழுக்க கிடைக்கூறு *குறையும்*. 2024 வைகாசி 10ஆம் திகதி இரவு எங்கட நேரம் பத்தரை தாண்டினாப் பிறகு தொடங்கி அடுத்த நாள் காலமை 8 மணி மாதிரி டி.எஸ்.ரி 400 நானோ டெஸ்லாவுக்கு மேல விழுந்தது. உங்கட சென்சரில புயல் வந்தா மேடு இல்ல, பள்ளம். கே.பி 4 நாளில உங்கட மேடு சின்னனாப் போனதுக்கும் இதுதான் காரணமா இருக்கலாம், புயலோட வாற மின்புலம் எலெக்ட்ரோஜெட்டையே அமத்திப்போடும், சில நேரம் திருப்பி ஓடவும் வைக்கும்.

6.40, 2.10 வெட்டுகளுக்கு ஒரே ஒரு கேள்வி. ஞாயிற்றுக்கிழமையும் வருதோ? சூரியனுக்கு ஞாயிறு லீவு இல்ல.

இன்னொண்டு, வசதி இருந்தா திருநெல்வேலி நிலையத்தின்ர தரவோட ஒப்பிட்டுப் பாருங்கோ, எங்களுக்குக் கிட்டவா இருக்கிறது அதுதான்.


கோண்டாவில் காந்தம் எழுதினது:

அண்ணை, நன்றி, இரண்டுதரம் வாசிச்சன். திருநெல்வேலியில நிலையம் இருக்கெண்டு எனக்குத் தெரியாமல் போச்சே, சைக்கிளில பத்து நிமிசம், கம்பஸுக்குள்ளயோ? நாளைக்கே போய்க் கேக்கிறன், ஆரைக் கேக்கவேணும்?


தின்னவேலி பிசிக்ஸ் எழுதினது:

ஐயோ தம்பி, சைக்கிளை விடுங்கோ, நடுவில கடல் கிடக்கு! நான் சொன்னது இந்தியாத் திருநெல்வேலி, எங்கட தின்னவேலி, யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலி, இல்ல. இந்தியப் புவிக்காந்த நிறுவனத்தின்ர நிலையம். அவை செய்யிற ஒரு கெட்டித்தனம் உங்களுக்கும் உதவும். மும்பைக்குக் கிட்ட அலிபாக்கில இன்னொரு நிலையம், அது எலெக்ட்ரோஜெட் பட்டிக்கு வெளிய. திருநெல்வேலிக் கிடைக்கூறில இருந்து அலிபாக்கைக் கழிச்சா புயலால வந்த பொது ஆட்டம் இரண்டிலயும் இருந்து வெட்டுப்பட்டுப் போகும், மிச்சம் எலெக்ட்ரோஜெட் மட்டும். அலிபாக், ஹைதராபாத் இரண்டின்ர தரவும் இன்ரமக்னெற் எண்ட உலகக் காந்த நிலையங்களின்ர வலையில எடுக்கலாம். உங்கட கோட்டில இருந்து அலிபாக்கைக் கழிச்சுப் பாருங்கோ, அப்ப விளங்கும். நேரம் யூ.ரியில (உலகப் பொது நேரம்) இருக்கும், அஞ்சரை மணித்தியாலம் கூட்ட மறக்கவேண்டாம், எல்லாரும் முதல்தரம் அதிலதான் விழுறது.

அலிபாக் கதை உங்களுக்குத் தெரியவேணும். முதல் அந்த நிலையம் பம்பாய்க்குள்ள கொலாபாவில இருந்தது. 1859ல வந்த கரிங்டன் புயல் எண்ட பெரிய சூரியப் புயலில 1600 நானோ டெஸ்லா அளவு விழுந்ததைப் பதிஞ்சது அங்கதான், வெப்ப வலயத்தில அப்பிடியொரு பதிவு வேற கிடையாது. பேந்து ஊருக்குள்ள ட்ராமுக்குக் கரண்ட் குடுக்கப்போகினம் எண்ட உடன 1904ல கருவியளை அலிபாக்குக்குக் கொண்டுபோட்டினம். ட்ராம் ஓடமுதலே ஓடித் தப்பினவை. நீங்கள் தகரத்துக்குக் கீழ மாட்டியிருக்கிறீங்கள்.


பழைய றேடியோக்காரன் எழுதினது:

பிள்ளையள், நான் ஒரு வயதுபோன ஆள், சென்சர் எல்லாம் எனக்குப் புதுசு, ஆனா உந்தச் சூரியன் விளையாட்டு பழசு. 90க்குப் பிறகு கரண்ட் இல்ல, பற்றறி வர விடேல்ல, செய்தி கேக்கிறதெண்டா சைக்கிளைக் கவிட்டு வைச்சுப் பெடியன் ஒருத்தன் பெடலைச் சுத்த டைனமோவில றேடியோ பாடும். இரவில ஜாம் போத்தலுக்குள்ள பஞ்சுத் திரி போட்டு விளக்கு. 91ல ஆனி மாதம் மாதிரி, நல்ல பகலில, சோட் வேவ் முழுக்க ஒரே அடியாச் செத்துப் போகும், ஒரு நிலையம் இல்ல எல்லா நிலையமும், இரைச்சல் கூட இல்ல. நாங்கள் பெடலைச் சுத்தினவனுக்குப் பேச்சு. அவன் பாவம் வேர்த்து விறுவிறுத்துச் சுத்துறான். அரை மணித்தியாலத்தால தானா வரும். ஆரோ அலையைக் குழப்பினம் எண்டு ஊரெல்லாம் கதை. கன வருசத்துக்குப் பிறகுதான் நான் விளங்கிக்கொண்டன் அது சூரிய வெடிப்பு எண்டு.

இப்ப நான் செய்யிறது வி.எல்.எஃப், மிகத் தாழ்ந்த அதிர்வெண் றேடியோ அலையைக் கேக்கிறது. மரச் சட்டத்தில வயர் சுத்தின வளைய அன்ரெனா, கொம்பியூட்டரின்ர சவுண்ட் காட், அவ்வளவும்தான், சோதனைக்கு ஒரு பழைய மடிக்கணினி காணும். அவுஸ்திரேலியாவின்ர வடமேற்கு மூலையில என்.டபிள்யூ.சி எண்டு நீர்மூழ்கிக்கு அனுப்பிற நிலையம், 19.8 கிலோ ஹேட்ஸ், ஓயாமல் ஒலிக்கும். எங்களுக்கும் அதுக்கும் இடையில 5000 கிலோமீற்றர் மாதிரி கடல். சூரியன் வெடிச்ச எக்ஸ் கதிர் 8 நிமிசத்தில வந்து அயன மண்டலத்தின்ர அடித்தட்டை இறுக்கும், உடன என்ர கோடு செங்குத்தா ஏறிப் பிறகு சறுக்கு மாதிரி மெல்ல இறங்கும். இந்தியாவின்ர 18.2ம் கேக்கும், விஜயநாராயணத்தில இருந்து, ஆனா அது 300 கிலோமீற்றர், மெத்தக் கிட்ட, நில அலை நேர வந்து எல்லாத்தையும் மூடிப்போடும். தூரமா இருக்கிறதுதான் நல்லது.

இவ்வளவும் ஏன் சொல்லுறன் எண்டா தம்பி, நீர் இவ்வளவு காசு கொட்டத் தேவையில்ல. ஜாம் போத்தலுக்குள்ள நூலில ஒரு சட்டக் காந்தத்தைத் தொங்கவிட்டு, அதில சின்னக் கண்ணாடித் துண்டு ஒட்டி, லேசர் அடிச்சு, சுவரில புள்ளி அசையிறதைப் பாக்கிறவை வெளிநாட்டில. படம் பாத்தனான். ஜாம் போத்தல் எண்டா எங்களை வெல்ல ஆளில்ல.


தின்னவேலி பிசிக்ஸ் எழுதினது:

ஐயா, உங்கட சைக்கிள் கதையை அச்சடிச்சு வைக்கவேணும். 1991 ஆனியில எக்ஸ் 12 எண்டு (வெடிப்பின்ர பலத்தைக் காட்டிற அளவு) பதிஞ்ச வெடிப்பு ஒண்டில்ல, கனக்க, செய்மதியின்ர அளவி அதுக்கு மேல காட்டேலாமல் நிண்டது. பெடல் சுத்தினவரைக் கண்டா என்ர சார்பிலயும் மன்னிப்புக் கேளுங்கோ.

ஆனா ஜாம் போத்தலில கை வைக்கிறதுக்கு முதல் ஒண்டு. அது ஸ்கொட்லாந்து மாதிரி இடத்துக்குச் சரி, எங்களுக்கு அப்பிடியே எடுத்தா ஏமாற்றம்தான். நூலில தொங்கிற காந்தம் திசையைத்தான் காட்டும், பலத்தைக் காட்டாது. புயல் எங்கட ஊரில என்ன செய்யுது? வடக்குப் பக்கப் புலத்தைக் குறைக்குது. காந்தம் ஏற்கெனவே வடக்கைத்தான் பாத்துக்கொண்டு நிக்குது, அதே திசையில இழுவை கொஞ்சம் குறைஞ்சா அது ஏன் திரும்பப் போகுது? கயிறிழுப்பில எதிர்ப்பக்கம் தளர்ந்தா கயிறு பக்கவாட்டில போகாது தானே. கிழக்கு மேற்கு ஆட்டம் கொஞ்சம் இருக்கும், ஆனா 10 நானோ டெஸ்லா எண்டா 3 மீற்றர் தூரச் சுவரில புள்ளி ஒண்டரை மில்லிமீற்றர் அசையும், பல்லி ஓடினாலும் அவ்வளவு அசையும். அங்க கிடைக்கூறு 17 ஆயிரம் சொச்சம்தான், ஊசி இளக்கம், புயல் 1000 எண்டு பக்கவாட்டில அடிச்சா புள்ளி முப்பது சென்ரிமீற்றருக்கு மேல போகும்.

வழி இருக்கு ஐயா. பக்கத்தில இன்னொரு நிலையான காந்தத்தை மெல்ல மெல்லக் கிட்டக் கொண்டுவந்து தொங்கிற காந்தத்தைக் கிழக்கு மேற்கா நிக்கிற மாதிரித் திருப்பி வையுங்கோ. இப்ப வடக்குப் புலம் கூடினா குறைஞ்சா அது திரும்பியே ஆகவேணும். சமநிலைக்குக் கிட்டக் கொண்டுபோகக் கொண்டுபோக உணர்திறனும் ஏறும். ஒண்டு, அந்த நிலையான காந்தம் சூட்டில பலம் மாறும், அதால நிழலும் ஆழமும் வேணும். கையில விரல் நசியாமலும் பாத்துக்கொள்ளுங்கோ, இப்பத்தைய நியோடிமியக் காந்தம் பழைய லாடம் மாதிரி இல்ல.


ஒஸ்லோ ஊர்க்காரன் எழுதினது:

நான் நோர்வேயில, ஊர் உரும்பிராய். இஞ்ச பெடியள் கே.பி 6 எண்டா உடன காரை எடுத்துக்கொண்டு இருட்டுக்குப் போயிடுவினம், எனக்கு அதுதான் பழக்கம். போன வருசம் ஊருக்கு வந்து நிண்டபோது போனில கே.பி 7 எண்டு அறிவிப்பு வர நான் மொட்டைமாடிக்கு ஓடிப்போய் அரை மணித்தியாலம் வடக்கைப் பாத்துக்கொண்டு நிண்டு, கடைசியில கண்டது கோயில் திருவிழா லைற். மச்சான் இப்பவும் சொல்லிச் சிரிக்கிறான். அங்க நிலத்தில அளக்கிறதுதான் விசயம் எண்டு இந்த இழையைப் பாத்தாப் பிறகு விளங்குது.


மின்சாரப் பிரியன் எழுதினது:

அப்ப 2025 மாசி 9ல நாடு முழுக்கக் கரண்ட் போனதும் சூரியப் புயலோ? வட்ஸ்அப்பில வந்தது.


சேர்க்கிட் சுன்னாகம் எழுதினது:

அது குரங்கு. பாணந்துறை உபநிலையத்தில குரங்கு ஒண்டு பட்டதெண்டு அமைச்சரே சொன்னவர். 1989 பங்குனியில கனடாவில கியூபெக்கில சூரியப் புயலால 9 மணித்தியாலம் இருட்டானது உண்மை, அது அரோராவுக்குக் கிட்ட, நீளமான லைன், கீழ கரும்பாறை. இஞ்ச எங்களுக்குக் குரங்கே காணும்.

தின்னவேலியார், எலெக்ட்ரோஜெட் விசயம் எனக்குப் புதுசு, ஒத்துக்கொள்ளுறன். ஆனா தம்பி வெப்பத்தையும் அளந்து காட்டட்டும், அதுக்குப் பிறகுதான் நான் தொப்பியைக் கழட்டுவன்.

தம்பி, சென்சரை நிலத்துக்குள்ள புதைச்சு வையும். இரண்டரை அடிக்குக் கீழ நாளாந்தச் சூடு குளிர் தெரியாது. 4 அங்குல பி.வி.சி பைப், அடியில மூடி சொலூஷன் சிமெந்தால ஒட்டி, உள்ளுக்கு சிலிக்கா ஜெல் பை. கார்த்திகை மார்கழியில கிணறு வாய்மட்டத்துக்கு வாற இடம், பைப் ஒழுகினா சென்சர் குளத்துக்குள்ள. பைப் மிதந்தும் எழும்பும், கல்லுப் போட்டு அமத்தும், சுண்ணாம்புக்கல்லாப் பாத்து. செம்மண்ணில இரும்பு இருக்கு, அது அசையாமல் கிடக்கிறதால பரவாயில்ல. ஈ.எஸ்.பியை சென்சரோட ஒட்டி வைக்காதையும், இரண்டு மூண்டு மீற்றர் தள்ளி, வயரை முறுக்கி, அதில தரவு போற வேகத்தைக் குறைச்சு ஓட்டும். சென்சரின்ர சுழற்சி எண்ணிக்கையை (ஒரு அளவுக்கு எத்தினை சுழற்சி எண்ணுது எண்டது) 200ல இருந்து 400க்கு மாத்தினா ஒரு படி 13 நானோ டெஸ்லாவில இருந்து 7க்குக் கிட்ட வரும், மிச்சத்தை நிமிசச் சராசரி பாத்துக்கொள்ளும். ஆணி, திருகாணி எல்லாம் பித்தளை அல்லது நைலோன். மண்வெட்டியை அங்கயே மறந்து விட்டிட்டு வாறேல்ல!


கோண்டாவில் காந்தம் எழுதினது (பன்ரண்டு நாளுக்குப் பிறகு):

எல்லாரும் மன்னிக்கவேணும், கிடங்கு வெட்டின இடத்தில கல்லு, அலவாங்கு போட்டு இரண்டு நாள். வீட்டில அம்மா கக்கூஸ் குழி வெட்டுறியோ எண்டு கேட்டவ. வளவின்ர பின் மூலையில, வீட்டில இருந்து 14 மீற்றர் தள்ளி, இரண்டே முக்கால் அடி ஆழத்தில வைச்சாச்சு, வெப்பச் சென்சரும் உள்ளுக்கு.

முடிவு. குழிக்குள்ள வெப்பம் நாள் முழுக்க அரை டிகிரி கூட அசையேல்ல. மேடு அப்பிடியே வருது! ஆனா 90 இல்ல, 65, 70. உச்சம் 1 மணியில இருந்து பதினொண்டரைக்கு வந்திட்டுது. அப்ப முந்தி நான் கண்டதில கால்வாசி தகரமும் முக்கால்வாசி எலெக்ட்ரோஜெட்டும். சுன்னாகத்து அண்ணையும் சரி, தின்னவேலி அண்ணையும் சரி. அலிபாக்கைக் கழிச்சும் பாத்தன், மேடு நிக்குது, முதல்தரம் அஞ்சரை மணித்தியாலம் கூட்ட மறந்து விடிய ஆறு மணிக்கு ஒரு பொய்ப் பள்ளம் வந்தது, எச்சரிச்சும் விழுந்தன்.

6.40ம் 2.10ம் ஞாயிறில இல்ல, சனியிலயும் இல்ல. பள்ளிக்கூட லீவு விட்ட உடன அடியோட நிண்டிட்டுது. அடுத்த வளவு அண்ணையின்ர ஓட்டோ, பிள்ளையள் ஏத்திறவர். பழைய இடம் அவரின்ர கேற்றுக்கு 5 மீற்றர்தான். இப்ப 16 மீற்றர் தள்ளினதில ஒண்டுமே தெரியேல்ல.

பின்னேரத்து ஆட்டம் புது இடத்திலதான் கூடிப்போச்சு, அதுதான் எனக்கு மண்டை காஞ்சது. மூண்டு நாள் கதிரை போட்டுக் காவலிருந்து பிடிச்சன். எங்கட மாடு. மேய்ச்சல் முடிஞ்சு பின்னேரம் அம்மா அந்த மூலை வேப்பமரத்தில இரும்புச் சங்கிலியில கட்டிறவ, அது குழிக்கு மேலயே நிண்டு வாலாட்டுது. கயிறு மாத்தச் சொன்னன். கயிறெண்டா அறுத்துக்கொண்டு போய் பக்கத்து வளவு கத்தரியைத் திண்டிடும், உன்ர குழியை மாத்து எண்டிட்டா.


தின்னவேலி பிசிக்ஸ் எழுதினது:

இரும்பின்ர காந்தப் பாதிப்பு தூரத்தின்ர மூண்டாம் அடுக்கில குறையும், இரண்டு மடங்கு தள்ளினா எட்டில ஒண்டு. அம்மாவோட சண்டை பிடிக்காமல் மாட்டை 6 மீற்றர் தள்ளிக் கட்டச் சொல்லுங்கோ, அல்லது நைலோன் கயிறு தடிச்சதா. அமைதியான அஞ்சு நாளைப் பொறுக்கி, மாதத்தில எது அமைதியான நாள் எண்டு பொட்ஸ்டாமில பட்டியல் போடுறவை, அதின்ர சராசரியை உங்கட "சும்மா நாள்" எண்டு வைச்சுக்கொண்டு ஒவ்வொரு நாளிலயும் அதைக் கழியுங்கோ. மிச்சம்தான் சூரியன். நடுச்சாமத்தில இருந்து விடியமுன்னம் வரைக்கும் எலெக்ட்ரோஜெட் இல்லாத நேரம், புயல் பாக்க அதுதான் எங்களுக்குச் சுத்தமான கண்ணாடி.


கோண்டாவில் காந்தம் எழுதினது:

அண்ணை, அவசரம். இப்ப இரவு 9.12க்கு ஒரே அடியா 24 ஏறியிருக்கு, இரண்டு மூண்டு நிமிசத்துக்குள்ள. ஓட்டோ கொட்டிலுக்குள்ள, போய்ப் பாத்தன். மாடு மற்றப் பக்கம் படுத்திருக்கு.


பழைய றேடியோக்காரன் எழுதினது:

மாட்டின்ர சங்கிலியைக் கையால தொட்டுப் பாத்தீரோ? முந்தநாள் பின்னேரம் என்ர என்.டபிள்யூ.சி கோடு பெரிசா ஒருக்கா ஏறினது, வெடிப்போட கிளம்பினது பூமிக்கு வந்துசேர இரண்டு நாள், கணக்குச் சரியா வருது.


தின்னவேலி பிசிக்ஸ் எழுதினது:

காக்கியோகா வரைபடத்தைத் திறந்து வைச்சிருக்கிறன், அதே நிமிசத்தில அங்கயும் படி. ஹொனலூலுவிலயும். உலகம் முழுக்க ஒரே நேரம் அசைஞ்சா அது ஓட்டோ இல்ல. சூரியக் காத்தின்ர அதிர்ச்சி அலை வந்து காந்த மண்டலத்தை அமத்தினதுதான் அந்த ஏற்றம். இனிப் பள்ளம் வருமோ வராதோ எண்டது அதுக்குள்ள இருக்கிற காந்தப் புலம் தெற்கைப் பாக்குதோ எண்டதில இருக்கு, 15 இலட்சம் கிலோமீற்றர் தள்ளி நிக்கிற செய்மதியின்ர பி.இசட் கோட்டைப் பாருங்கோ, கீழ போய் அப்பிடியே நிண்டா விடியுமட்டும் நித்திரை இல்ல. தரவு ஒரு நிமிசமும் விடுபடக்கூடாது. பற்றறி ஒழுங்கு செய்திருக்கிறீங்களோ?


கோண்டாவில் காந்தம் எழுதினது:

இப்பத்தான் கரண்ட் போனது அண்ணை. போனில இருந்து எழுதுறன். பவர் பாங்கில ஓடுது, 60 வீதம் கிடக்கு. வைஃபை இல்ல, ஆனா மெமறி காட்டில பதியுது. கோடு இறங்கத் தொடங்கிட்டுது, 24 ஏறினது போய் இப்ப கீழ 11.